அசட்டுத் துணிச்சல்

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுகிற மனிதனோடு பழகுவது சுலபம். அவன் எங்கே நிற்பான், எங்கே திரும்புவான் என்று நமக்கு ஓரளவு தெரியும். பயப்பட வேண்டிய இடத்திலும் பயப்படாமல் பாய்கிறவனோடு எப்படிப் பழகுவது? விட்டுக் கொடுத்தால் அவன் இன்னும் ஓரடி முன்னால் வருகிறான். எதிர்த்து நின்றால் நாமும் அவனைப் போலவே ஆகிவிடுகிறோம். இரண்டும் வேண்டாமென்று ஒதுங்கினால், ஒதுங்கின இடத்துக்கும் வந்து சேருகிறான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் அண்ணா அந்த ரகம். ஊரில் இருக்கும் வீட்டின் பாகப் பிரிவினை பற்றி எங்களுக்குள் வெகு நாளாகத் தகராறு. அண்ணா வாயைத் திறந்தால் முதல் வாக்கியமே "கோர்ட்டிலே பார்த்துக்கலாம்" என்பதுதான். கடைசியில் சொல்ல வேண்டியதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறவரோடு பேச்சை எங்கே தொடங்குவது? சில சமயம் நான் பணிந்து போவேன். சில சமயம் அவரைவிடப் பெரிய குரலில் கத்துவேன். இரண்டினாலும் ஒரு காரியமும் ஆகவில்லை. ஆனால் நான் செய்துகொண்டிருந்த தவறு இன்னதென்று எனக்குப் புரிந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில் அல்ல. அமெரிக்காவில், லாஸ் வேகாஸ் நகரத்தில், ஒரு சீட்டாட்ட மேஜையில்.

சூதாட்டத்தைப் பற்றியா எழுதப் போகிறீர் என்று வாசகர்கள் முகம் சுளிக்கலாம். சுளிப்பது நியாயமே. அதைக் கண்டிப்பதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரத்தை, 94-வது அதிகாரத்தை, ஒதுக்கியிருக்கிறார். இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; அது ஏன் வேண்டியிருந்தது என்பது கடனில் மூழ்கிய குடும்பங்களுக்குத் தெரியும். நான் யாரையும் ஆட வாருங்கள் என்று அழைக்கவில்லை. ஆனால் மனிதனுடைய ஆசையையும் ரோஷத்தையும் திரை விலக்கிப் பார்க்க வேண்டுமானால், கதை எழுதுகிறவன் சில இடங்களுக்குப் போகத்தான் வேண்டியிருக்கிறது. போனவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். உட்கார்ந்து ஆடியும் விட்டேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவிலுள்ள தமிழ் அன்பர்கள் சிலர் பேச அழைத்திருந்தார்கள். கூட்டங்களெல்லாம் முடிந்தபின், அங்கே பொறியாளராக இருக்கும் என் கல்லூரித் தோழரின் மகன் என்னை லாஸ் வேகாஸுக்குக் கூட்டிப் போனான். கிளம்புவதற்கு முதல் நாள் இரவுதான் அண்ணா தொலைபேசியில் கூப்பிட்டு வழக்கமான வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். நானும் வழக்கம் போல் கத்திவிட்டு வைத்திருந்தேன்.

"மாமா, நாளைக்கு ஒரு சின்னப் போக்கர் போட்டி இருக்கு. நுழைவுக் கட்டணம் நூறு டாலருக்குள்ளேதான். அதுக்கு மேலே ஒரு காசு போகாது. மனுஷங்களைப் பார்க்கணும்னு சொன்னீங்களே, அங்கே பார்க்கலாம்" என்றான் பையன்.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவர் கைக்கும் இரண்டு சீட்டு. மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்திருப்பவனுக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எல்லோரும் ஒதுங்கிவிட்டால், மிச்சமிருப்பவன் கையில் குப்பை இருந்தாலும் அவனுக்கே வெற்றி. அதனால்தான் இந்த ஆட்டத்தில் பொய்ப் பந்தயத்துக்கு, பிளஃப் என்கிறார்களே அதற்கு, இவ்வளவு மதிப்பு. போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்தில் 10,000 மதிப்புள்ள வில்லைகள். அவை தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். மறுபடி வாங்க முடியாது. கட்டாயப் பந்தயம் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறிக்கொண்டே போகும். ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பவனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருப்பான்.

எங்கள் மேஜையில் ஒன்பது பேர். எனக்கு இடப்புறம் வெள்ளி முடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு மூதாட்டி. எதிரே சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆசாமி. அவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

நடுவில் 150 வில்லை இருக்கும். அவர் தம்மிடமுள்ள பத்தாயிரத்தையும் இரு கைகளாலும் முன்னே தள்ளி, "ஆல் இன்" என்பார். ஒன்று விட்டு ஒரு ஆட்டம் இதே கதை. ஒரு தடவை ஒருவர் துணிந்து எதிர்த்தார். தொப்பிக்காரருக்குச் சீட்டு வந்து சேர்ந்தது. எதிர்த்தவர் வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவரிடம் எங்கள் யாரையும்விட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வில்லைகள். எங்களில் யார் எதிர்த்தாலும், தோற்றால் எங்களுக்கு ஆட்டம் முடிந்தது. அவருக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அசட்டுத் துணிச்சலுக்கு அதிர்ஷ்டம் ஒரு முறை கை கொடுத்துவிட்டால், அதன் பிறகு அதற்குப் பலம் என்று பெயர் வந்துவிடுகிறது.

நான் ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு முறை கையில் ஒன்பது ஜோடி வந்தது, நல்ல சீட்டு. அவர் முழுவதையும் தள்ளினார். கவிழ்த்துவிட்டேன். அவர் தம் சீட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார்: ஏழும் இரண்டும். இந்த ஆட்டத்திலேயே மிக மட்டமான கை அது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாலைந்து ஆட்டம் கழித்து அவர் மறுபடி தள்ளியபோது, என் கையில் பத்தும் ஏழும் இருந்தன. எதிர்ப்பதற்குரிய சீட்டே அல்ல. மிச்சமிருந்த எட்டாயிரத்தையும் வைத்துவிட்டேன். அவரிடம் ஏஸும் ஐந்தும். பொதுச் சீட்டில் ஒரு பத்து விழுந்தது. ஜெயித்தேன்! யாரோ கை தட்டினார்கள். அந்த நிமிஷம் நான் எட்டடி உயரம் வளர்ந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

இடைவேளையில் பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் முகம் மலரவில்லை.

"ஜெயிச்சது சந்தோஷம், மாமா. ஆனா செஞ்சது தப்பு. நீங்க சீட்டைப் பார்த்து ஆடலை; அவன் சிரிப்பைப் பார்த்து ஆடியிருக்கீங்க."

காப்பியைக் குடித்துக்கொண்டே அவன் எனக்குப் பாடம் சொன்னான். அதை இங்கே என் வார்த்தையில் தருகிறேன்.

முதலாவது, பயப்படாதவனிடம் பொய்ப் பந்தயம் கட்டாதே. கணித மேதை ஜான் வான் நியூமன் 1928-இல் இம்மாதிரி ஆட்டங்களுக்கு ஒரு சித்தாந்தம் எழுதினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. பொய்ப் பந்தயம் வெறும் போக்கிரித்தனமல்ல, சரியான ஆட்டத்தின் தேவையான ஓர் அங்கம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் எதிராளி பயந்து ஒதுங்கினால்தான் பொய்க்குப் பலன். ஒதுங்கவே மாட்டாதவனிடம் பொய் சொல்வது கிணற்றுக்குள் கல் போடுவதுதான்.

இரண்டாவது, மிகச் சிறந்த சீட்டுக்காகக் காத்திராதே. 52 சீட்டில் ஏஸ் ஜோடி கைக்கு வருவது சராசரி 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. அதற்குள் கட்டாயப் பந்தயமே உன்னைத் தின்றுவிடும். எதிராளி எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு பாய்கிறவனாக இருந்தால், அவனுடைய சராசரியைவிட நல்ல சீட்டு இருந்தால் போதும். நடுவில் 1,000 இருக்க அவன் 1,000 கட்டுகிறான் என்றால், நீ 1,000 வைத்து 2,000-த்துக்கு ஆடுகிறாய். மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. ஒன்பது ஜோடியைக் கவிழ்த்தது நிதானமல்ல, பயம். பத்து-ஏழை வைத்துக்கொண்டு எதிர்த்தது துணிவல்ல; வீம்பு.

மூன்றாவது, இது போட்டி என்பதை மறக்காதே. வில்லை இரண்டு மடங்கானால் பரிசு இரண்டு மடங்காவதில்லை. வில்லை தீர்ந்தால் மட்டும் எல்லாமே தீர்ந்தது. ஆகவே ஜெயிக்கிற வில்லையைவிட இழக்கிற வில்லைக்கு விலை அதிகம். வெறுமனே லாபமாகத் தெரிகிற எல்லாச் சண்டையும் போட வேண்டிய சண்டையல்ல.

நான்காவதாக அவன் சொன்னது ஒரே வாக்கியம். "அவன் பண்ற ஆட்டத்தை அவன் பண்ணட்டும், மாமா. நீங்க ஏன் அவன் ஆட்டத்தை ஆடறீங்க?"

அண்ணாவின் குரல் ஏனோ என் காதில் கேட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்குத் திரும்பினேன்.

இப்போது நான் புத்திசாலி. தொப்பிக்காரருக்காகவே என் ஆட்டத்தைத் தளர்த்திக்கொண்டேன். ஒரு முறை அவர் 3,000 கட்டினார். என்னிடம் ஏஸும் ஒன்பதும். அவருக்கு எதிராக இது போதும் என்று நானும் வைத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் இடப்புறத்து மூதாட்டி தம்மிடமிருந்த முழுவதையும் மெல்ல முன்னால் நகர்த்தினார். அந்த அம்மாள் அதுவரை ஐந்தாறு ஆட்டம்கூட ஆடவில்லை. நான் யாரைப் பிடிக்க வலை விரித்தேன் என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வலையை விட்டுவிட்டு ஓடுவதைத் தவிர எனக்கு வழியில்லை. மூவாயிரம் போயிற்று.

ஒருவனைத் தோற்கடிப்பதற்காக நம்மை எவ்வளவு வளைக்கிறோமோ, அவ்வளவுக்கு வேறு யாருக்கோ நம் முதுகைக் காட்டுகிறோம். பிற்பாடு இதைப் பற்றி யோசித்தபோது ஓர் இயந்திரத்தின் கதை நினைவுக்கு வந்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ரேடஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி, 17 லட்சம் டாலர் மதிப்புள்ள வில்லைகளுக்கு மேல் ஜெயித்தது. அதற்கு எதிராளி சிரித்தாலும் ஒன்றுதான், முறைத்தாலும் ஒன்றுதான். யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாதபடி தன் ஆட்டத்தைச் சமன்செய்து வைத்துக்கொள்வதே அதன் உத்தி. அசடனிடமிருந்து பிடுங்கக்கூடியதையெல்லாம் அப்படிப் பிடுங்க முடியாது. ஆனால் யாரிடமும் ஏமாற வேண்டியதும் இல்லை. எதிராளிக்குத் தகுந்தபடி மாறுவதா, தன் நிலையில் நிற்பதா என்ற கேள்வி இயந்திரத்துக்கும் உண்டு என்பதை அறிய எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். செய்கையை மாற்றிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். சுபாவத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. எங்கே முன்னது முடிந்து பின்னது ஆரம்பிக்கிறது என்று அறிவதுதான் கஷ்டம்.

கடைசியாக எனக்கு ராணி ஜோடி வந்தது. தொப்பிக்காரர் சகலத்தையும் தள்ளினார். இந்தத் தடவை என் காது சூடாகவில்லை. கணக்குப் பார்த்தேன், சரியாக இருந்தது, வைத்தேன். அவர் காட்டியது ராஜாவும் நாலும். நூற்றுக்கு 70 பங்கு வெற்றி என் பக்கம். நாலு பொதுச் சீட்டு வரையில் நானே முன்னால். ஐந்தாவது சீட்டு ராஜா.

எழுந்தேன். கோபத்தில் செய்த தவறு எனக்கு எட்டாயிரத்தைக் கொடுத்தது; நிதானமாகச் செய்த சரி என்னை வெளியே அனுப்பியது. இதைவிடத் தெளிவாக அந்தப் பழைய பாடத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. பலனைக் கொண்டு செயலை எடை போடாதே என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கிறது. நூறு டாலர் கொடுத்துக் கேட்டபோதுதான் உள்ளே இறங்கிற்று. நூற்றுக்கு 80 பங்கு சாதகமான மோதலே ஆனாலும், அப்படி ஐந்து மோதல்களில் தொடர்ந்து தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 33-தான். அசட்டுத் துணிச்சல்காரனுக்கு முன்னால் நிதானம் நிச்சயம் ஜெயிக்கும் என்று சொல்கிறவன் கதை விடுகிறான். நிதானம் தோற்கவும் தோற்கும். தோற்றபின்பு தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் அதிலுள்ள லாபம்.

தொப்பிக்காரர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றாக ஆடினீர்கள் என்றார். மனப்பூர்வமாகவே சொன்னார். நான் அவரை வெறுக்க முயன்றேன், முடியவில்லை.

துணிச்சலே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். போக்கர் உலகத்தில் ஸ்டூ உங்கர் என்று ஒருவர் இருந்தார். அவரைப் போல் பாய்ந்து பாய்ந்து ஆடியவர்கள் குறைவு. ஆனால் அது எதிராளியின் மனத்தைப் படித்துவிட்டுப் பாய்கிற பாய்ச்சல். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய மூன்று வருஷங்களில் ஜெயித்தார். 1990-இல் நடந்தது விசித்திரம். போட்டியின் மூன்றாம் நாள் அவர் வரவில்லை; போதை மருந்தால் நினைவிழந்து விடுதி அறையில் கிடந்தார். அவருடைய வில்லைகள் மட்டும் காலி நாற்காலிக்கு முன்னால் இருந்து, கட்டாயப் பந்தயத்தைக் கொடுத்துக் கொடுத்துக் கரைந்தன. அப்படியும் அந்த நாற்காலிக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது! 1998-இல், தமது 45-வது வயதில், லாஸ் வேகாஸிலேயே ஒரு சாதாரண விடுதி அறையில் இறந்து கிடந்தார். மேஜையில் எத்தனை பேருடைய அசட்டுத் துணிச்சலை அவர் கண்டு பிடித்திருப்பார்! தமக்குள் உட்கார்ந்திருந்த ஒருவனுடையதற்கு மட்டும் அவரிடம் உத்தி இல்லை.

நான் அன்று உடனே வெளியேறவில்லை. பையன் ஆட்டம் முடியட்டும் என்று ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் தொப்பிக்காரர் கதையும் முடிந்தது. முடித்தவர் அந்த மூதாட்டி. எட்டு ஜோடியோடு அமைதியாக எதிர்த்தார், பலித்தது. தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கூடத்துக்கு நடந்தார்.

அந்தக் கூடத்தில் போட்டி இல்லை. ரொக்கத்துக்கு ஆடும் மேஜைகள். போட்டியில் ஒரு வேலி உண்டு; நுழைவுக் கட்டணத்துக்கு மேல் போகாது. அங்கே வேலி கிடையாது. தீர்ந்தால் மறுபடி வாங்கலாம், அதுவும் தீர்ந்தால் மறுபடியும். அவர் வருவதைக் கண்டதும் ஒரு மேஜையில் இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்கள். ஒருவர் முதுகில் தட்டி வரவேற்றார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி. அவர் அதை அன்பு என்றே நினைத்திருக்கலாம்.

அதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. இடைவேளைக்குப் பிறகு நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்? நிதானம் என்று நான் பெயர் கொடுத்தது, அவர் எப்போது விழுவார் என்று காத்திருந்ததைத்தானே? ஆட்ட மேஜையில் நிதானத்தையும் இந்தக் காத்திருப்பையும் பிரிக்க முடியாது. ஒருவன் விழாமல் இன்னொருவன் எழ முடியாதபடி அமைந்த இடம் அது. நான் மறுபடி அங்கே போகாததற்குக் காரணம் ராஜா வந்து விழுந்ததல்ல. அந்த மலர்ந்த முகங்கள்.

ஆனால் வீடு ஆட்ட மேஜை அல்ல. அங்கே நிதானத்தையும் வஞ்சத்தையும் பிரிக்கலாம். எதிரே இருப்பவன் விழாமலும் நாம் நிற்கலாம். அவனும் பாயாமல் நிற்பதற்கு ஓர் இடம் காட்டலாம். பையன் சொன்ன பாடத்தில் இல்லாதது இது ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பியதும், வக்கீலிடம் சொல்லித் தயார் செய்து வைத்திருந்த நோட்டீஸை எடுத்துப் படித்தேன். கோர்ட்டுக்குப் போகும் எண்ணம் எனக்கு எந்நாளும் இருந்ததில்லை. அண்ணாவைப் பயமுறுத்த வேண்டும், அவ்வளவுதான். பயப்படாதவரிடம் பொய்ப் பந்தயம்! கிழித்துப் போட்டுவிட்டு நேரில் போனேன்.

அண்ணா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "எதுவானாலும் கோர்ட்டிலே பார்த்துக்கலாம்" என்றார்.

"சரி அண்ணா. உங்களுக்கு அப்படித்தான் தோணினா அப்படியே செய்யுங்க. அதுவரைக்கும் கிணத்தடிச் சுவர் இடிஞ்சு கிடக்கே, குழந்தைகள் ஓடற இடம். ரெண்டு பேருமாச் சேர்ந்து அதைக் கட்டிடுவோமா?" என்றேன்.

அவர் உள்ளுக்குள் ஏதோ தேடுகிறவர் போல என்னையே பார்த்தார். நான் பணியவும் இல்லை, கத்தவும் இல்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கொத்தனார் கிட்டே நான் பேசறேன்" என்றார்.

தகராறு இன்னும் தீரவில்லை. சுவர் எழும்பிவிட்டது. செலவில் அண்ணாவின் பங்கு இன்னும் வந்து சேரவில்லை, நானும் கேட்கவில்லை.